சிறுநீரக வீக்கத்துடன் பிறக்கும் குழந்தைகள்: பின்னாளில் நிகழ்வது என்ன?

கருவுற்ற ஐந்தாம் மாதத்தில் எடுக்கப்படும் ஸ்கேன் அறிக்கையில், "குழந்தையின் இடப்பக்கச் சிறுநீரகத்தில் வீக்கம் காணப்படுகிறது" என்ற ஒரு வரி இடம்பெற்றுவிட்டால், அன்றுமுதல் அந்த வீட்டில் உறக்கம் குறைந்துவிடுகிறது. குழந்தைகள் அறுவை மருத்துவப் பிரிவுக்கு அந்த அறிக்கையோடு வரும் பெற்றோரில் ஒரு சாரார், "சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டதா?" என்றே முதலில் கேட்கின்றனர். இன்னொரு சாரார், குழந்தை பிறந்து நன்றாகப் பால் குடித்து எடை கூடுவதைக் கண்டதும் அறிக்கையையே மறந்துவிடுகின்றனர். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கடுங்காய்ச்சலோடும் வயிற்றுவலியோடும் வருகின்றனர். முதல் சாராரின் அச்சத்திற்குப் பெரும்பாலும் காரணம் இருப்பதில்லை. இரண்டாம் சாராரின் நிம்மதிக்கும் காரணம் இருப்பதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் பெற்றோர் எங்கே நிற்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீக்கம் என்பது எது?

சிறுநீரகத்தில் உண்டாகும் சிறுநீர், முதலில் அதன் உட்புறத்திலுள்ள புனல் போன்ற ஒரு பையில் வந்து சேர்கிறது. அங்கிருந்து மெல்லிய சிறுநீர்க்குழாய் வழியாகக் கீழிறங்கிச் சிறுநீர்ப்பையை அடைகிறது. இந்த வழியில் எங்கேனும் தடை ஏற்பட்டால், மதகு அடைபட்ட ஏரியில் நீர் ஏறுவதுபோல், தடைக்கு மேலுள்ள பகுதி விரிவடைகிறது. இதையே மருத்துவர்கள் ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்கின்றனர். "சிறுநீரகத்தில் நீர் கோத்திருக்கிறது" என்று நம் ஊர்களில் சொல்வதும் இதைத்தான்.

விரிவது புனல் போன்ற அந்தப் பை. சிறுநீரைப் பிரித்தெடுக்கும் வேலையைச் செய்வது அதைச் சூழ்ந்துள்ள தசை போன்ற பகுதி. பை நெகிழ்ந்து இடம் கொடுப்பதால், உள்ளே ஏறும் அழுத்தத்தில் ஒரு பங்கு தணிந்துவிடுகிறது. ஆகவே பெரிதாக விரிந்த பையைச் சுற்றி நன்றாக இயங்கும் சிறுநீரகம் இருக்கலாம். சிறிதளவே விரிந்த பையைச் சுற்றிப் பழுதுற்ற சிறுநீரகமும் இருக்கலாம். ஸ்கேன் படத்தில் தெரியும் கருநிறப் பரப்பைக் கண்டு அஞ்சும் பெற்றோருக்கு முதலில் சொல்ல வேண்டியது இது.

நூறு கருவுறுதல்களில் ஒன்றிரண்டில் இவ்வகை வீக்கம் தென்படுகிறது. நுணுக்கமாகப் பார்த்தால் இந்த எண்ணிக்கை சற்று அதிகமாகவும் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை கருவின் வளர்ச்சிப் போக்கில் தோன்றித் தாமே மறைபவை. உண்மையான அடைப்புகளில் மிகுதியாகக் காணப்படுவது, பையும் சிறுநீர்க்குழாயும் சேரும் சந்திப்பில் உள்ள குறுக்கமே. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடமும், வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்திலும் இது அதிகம். சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையில் நுழையும் இடத்திலும் குறுக்கம் ஏற்படுவதுண்டு. ஆண் குழந்தைகளுக்கு மட்டும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, வெளியேறும் பாதையில் சவ்வு போன்ற வால்வுகள் அமைந்து இரு சிறுநீரகங்களையும் ஒருங்கே பாதிப்பதும் உண்டு. இம்மூன்றின் பின்விளைவுகளும் ஒன்றுக்கொன்று வேறானவை.

காத்திருத்தல் எவ்வாறு மருத்துவமாயிற்று?

1958ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் இயான் டொனால்டும் அவருடைய குழுவினரும் வயிற்றினுள் இருப்பதை ஒலியலைகளால் படம்பிடிக்கும் முறையை உலகுக்கு அறிவித்தனர். அம்முறை பரவலாகும் முன்பு, இக்குழந்தைகள் வயிற்றில் கட்டியோடும், அடிக்கடி வரும் காய்ச்சலோடும், சில வேளைகளில் சிறுநீரகம் செயலிழந்த நிலையிலும்தான் மருத்துவரிடம் வந்தனர். கருவிலேயே வீக்கத்தைக் காண முடிந்தபோது, பிறந்த சில வாரங்களிலேயே அறுவை செய்துவிடுவதே அறிவுடைமை என்று பல மருத்துவர்கள் கருதினர்.

1980களின் இறுதியில் இந்த எண்ணம் மாறத் தொடங்கியது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் ரான்ஸ்லியும் தில்லனும், அமெரிக்காவில் ஸ்டீபன் காஃபும், செயல்திறன் நன்றாக உள்ள சிறுநீரகங்களை அறுவை செய்யாமல் முறையாகக் கண்காணித்தனர். அவர்களுள் பெரும்பான்மையான குழந்தைகளுக்கு அறுவையே தேவைப்படவில்லை. வீக்கம் தானாகக் குறைந்தது, அல்லது குறையாமலே தீங்கின்றி நின்றது. ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கோ, அதற்கும் குறைவாகவோதான் பின்னர் அறுவை தேவைப்பட்டது. இன்று மருத்துவர் "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்லும்போது, அது தட்டிக்கழிப்பாகச் சில பெற்றோருக்குத் தோன்றுகிறது. உண்மையில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பல்லாண்டுக் கண்காணிப்பின் பயன் உள்ளது. ஆனால் அந்தக் கண்காணிப்பில் குழந்தைகள் குறித்த நாளில் திரும்ப வந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும். திரும்ப வராத குழந்தைக்கு நடப்பது காத்திருத்தல் ஆகாது.

சோதனைகள் சொல்வதும் சொல்லாததும்

பிறந்த முதலிரண்டு நாள்களில் குழந்தையின் உடலில் நீர் குறைவாக இருப்பதால் வீக்கம் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். எனவே ஒருபக்க வீக்கத்திற்கு மூன்றாம் நாளுக்குப் பிறகு ஸ்கேன் எடுப்பதே முறை. அது இயல்பாக இருந்தாலும் நான்கு முதல் ஆறு வாரங்களில் மீண்டும் ஒருமுறை எடுக்கப்படும். இருபக்க வீக்கமுள்ள ஆண் குழந்தைக்கும், ஒரே சிறுநீரகத்துடன் பிறந்து அதிலும் வீக்கமுள்ள குழந்தைக்கும் இந்தத் தாமதம் பொருந்தாது. அவர்களைப் பிறந்தவுடனே பார்க்க வேண்டும். "முப்பது நாள் கழியட்டும், அதன் பிறகு குழந்தையை வெளியே கொண்டுபோகலாம்" என்ற வீட்டு வழக்கத்தை இவ்விடத்தில் சற்று ஒதுக்கிவைக்குமாறு பாட்டிமாரிடம் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

ஸ்கேன் அறிக்கையில் இரு குறிப்புகள் இருக்கும். ஒன்று, பையின் முன்பின் விட்டம் மில்லிமீட்டரில். மற்றொன்று, 1 முதல் 4 வரையிலான நிலை. முதலிரு நிலைகளில் உள்ள குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் வீக்கம் மறைந்துவிடுகிறது, அல்லது மாறாமல் நிற்கிறது. மூன்றாம், நான்காம் நிலைகளில், பாதிப்பு எவ்வளவு என்பதை அறிய ரீனோகிராம் என்னும் கதிரியக்கப் படம் தேவைப்படும். ஊசி வழியே செலுத்தப்படும் டெக்னீசியம் என்ற பொருளின் கதிரியக்கம் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். அளவும் மிகச் சிறியது. குழந்தையின் எதிர்காலம் குறித்து இதனால் அஞ்ச வேண்டியதில்லை. பொதுவாகக் குழந்தைக்கு ஆறு வாரம் ஆன பிறகே இது எடுக்கப்படும்.

ரீனோகிராம் அறிக்கையில் "இடம் 44, வலம் 56" என்பது போன்ற எண்களைக் காணலாம். உடலின் மொத்தச் சிறுநீரகப் பணியில் ஒவ்வொன்றும் செய்யும் பங்கே இந்த விழுக்காடு. நாற்பதுக்கு மேல் இருந்தால் ஓரளவு நிம்மதி கொள்ளலாம். நாற்பதுக்குக் கீழே இருந்தாலோ, அடுத்தடுத்த படங்களில் பத்துப் புள்ளிகள் அளவுக்குச் சரிந்தாலோ, அறுவை பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. சில பெற்றோர் இந்த எண்ணைத் தேர்வு மதிப்பெண் போல எண்ணி, "நூற்றுக்கு நாற்பத்து நான்குதானா?" என்று கலங்குவதுண்டு. இரு சிறுநீரகங்களும் நலமாயிருந்தால் ஒவ்வொன்றும் பெறக்கூடியது ஐம்பதை ஒட்டிய எண்ணே என்பதை நினைவில் வைத்தால் போதும். இதற்கு மறுபுறமும் உண்டு: இரண்டுமே சமமாகப் பழுதுற்றிருந்தாலும் அறிக்கை ஐம்பது, ஐம்பது என்றே காட்டும். அதனால்தான் இருபக்க வீக்கத்தில் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் தவறாமல் பார்க்கிறோம்.

அறுவைக்குப் பின்

சந்திப்பில் உள்ள குறுகிய துண்டை நீக்கி, பையையும் குழாயையும் அகலமாக இணைத்துத் தைக்கும் முறையை ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற இரு ஆங்கில அறுவை மருத்துவர்கள் 1949இல் வெளியிட்டனர். பைலோபிளாஸ்டி எனப்படும் இந்த அறுவை இன்றும் அடிப்படையில் அவ்வாறே செய்யப்படுகிறது. லேப்ராஸ்கோப் வழியே செய்தாலும் உள்ளே நடப்பது அதுவே. நூறில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அடைப்பு நிலையாக நீங்குகிறது. எஞ்சிய சிலருக்கு மறுபடியும் குறுக்கம் ஏற்பட்டு இன்னொரு சிகிச்சை தேவைப்படலாம்.

அறுவையின் பயன் என்ன என்பதில் தெளிவு வேண்டும். அது மேலும் கெடாமல் காக்கிறது. இழந்த செயல்திறன் ஓரளவு மீள்வது சில குழந்தைகளிடம் காணப்படுகிறது. ஆனால் அதற்கு உறுதி கூற இயலாது. முப்பது விழுக்காட்டில் இருந்த சிறுநீரகம் முப்பதிலேயே நின்றாலும் அந்த அறுவை வெற்றியே.

பெற்றோரை மிகவும் குழப்புவது அறுவைக்குப் பிந்தைய முதல் ஸ்கேன். "அறுவை முடிந்தும் வீக்கம் அப்படியே இருக்கிறதே!" பல மாதங்கள் நீரால் நிரம்பி நெகிழ்ந்த பை, அடைப்பு நீங்கிய மறுநாளே சுருங்கிவிடாது. வீக்கம் குறைய மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். பலருக்குச் சிறிதளவு விரிவு வாழ்நாள் முழுதும் எஞ்சுவதுண்டு. நீர் தடையின்றி வடிகிறதா, செயல்திறன் நிலைத்திருக்கிறதா என்பதை அறுவைக்குச் சில மாதங்கள் கழித்து எடுக்கப்படும் ரீனோகிராம் சொல்லும்.

இங்கே ஒரு சிறிய பொருளைப் பற்றிச் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. தையல் ஆறும்வரை சிறுநீர் வடிவதற்காக டி.ஜே. ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை உள்ளே வைப்பது வழக்கம். வெளியிலிருந்து அது தெரியாது. குழந்தைக்குப் பெரிய தொல்லையும் இராது. சில வாரங்களில் அதை எடுத்துவிட வேண்டும். ஊர் தொலைவு, அறுவடைக் காலம், வேலைக்கு விடுப்பின்மை என்று ஏதேதோ காரணங்களால் அந்த நாள் தவறிப்போகிறது. மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும் ஸ்டென்டைச் சுற்றிக் கல் படிகிறது. கிருமித் தொற்று வருகிறது. நன்றாகச் செய்த அறுவையின் பயனே கெட்டுவிடுகிறது. வீடு திரும்பும்போது தரப்படும் குறிப்பில் ஸ்டென்ட் எடுக்கும் தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் எழுதித் தருமாறு கேளுங்கள். வீட்டு நாள்காட்டியிலும் அதைக் குறித்துவையுங்கள்.

சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையில் சேரும் இடத்துக் குறுக்கம் பற்றி இவ்வளவு விரிவாகப் பேச வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பாலானவை குழந்தை வளர வளரத் தாமே சீராகின்றன. காய்ச்சல் வந்தால் சிறுநீர்ச் சோதனை, குறித்த நாளில் ஸ்கேன், இவையே பெரும்பாலும் போதுமானவை.

வால்வு அடைப்பு: நீண்ட பயணம்

ஆண் குழந்தைகளின் சிறுநீர்ப் பாதையில் அமையும் வால்வுகளின் கதை வேறு. இவற்றை 1919ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறுவை மருத்துவர் ஹக் ஹாம்ப்டன் யங் வகைப்படுத்தினார். சுமார் 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது நேர்கிறது. அரிதானதுதான், எனினும் குழந்தைப் பருவத்தில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முக்கியமான காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து இலட்சம் அளவுக்கு நெஃப்ரான் எனப்படும் வடிகட்டும் அலகுகள் உள்ளன. இவை அனைத்தும் தாயின் வயிற்றிலேயே, கருவின் 36ஆம் வார அளவில் உருவாகி முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு புதிதாக ஒன்றுகூடத் தோன்றுவதில்லை. வால்வு அடைப்போ கருவின் தொடக்க மாதங்களிலேயே அழுத்தத்தை உண்டாக்கி, நெஃப்ரான்கள் உருவாகும் காலத்திலேயே அவற்றைக் குலைக்கிறது. பிறந்த பின் எவ்வளவு விரைவாகச் சிகிச்சை அளித்தாலும் இந்த இழப்பை ஈடுசெய்ய இயலாது. "முன்னதாகவே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ?" என்று தம்மையே நொந்துகொள்ளும் தாய்மாருக்கு இதை விளக்கிச் சொல்வதுண்டு. அவர்கள் தவறவிட்டது ஏதுமில்லை. கருவிலேயே குழாய் வைத்து நீரை வடிக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. பிரிட்டனில் நடந்த புளூட்டோ என்ற ஆய்வு, போதிய பேர் சேராமல் 31 தாய்மாரோடு நின்றுபோய் 2013இல் வெளியானது. உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடக்கூடும் என்ற நம்பிக்கையை அது தந்தது. ஆயினும் பிழைத்தவர்களில் இயல்பான சிறுநீரகச் செயல்திறன் பெற்றவர்கள் மிகச் சிலரே.

பிறந்த பின் செய்வது தெளிவானது. சிறுநீர்ப்பையில் மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தைக் குறைப்பர். உப்புச் சத்துகளைச் சீராக்குவர். குழந்தை தேறியதும் நுண்ணிய கருவி வழியே வால்வை அகற்றுவர். கருவில் பனிக்குட நீர் குறைந்திருந்தால் நுரையீரல் முழு வளர்ச்சி பெறாமல் இருக்கலாம். முதல் நாள்களின் பெரிய ஆபத்து அதுவே. பிறந்தவுடன் எடுக்கும் கிரியேட்டினின் அளவு தாயின் அளவையே காட்டும் என்பதால் அதை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. முதல் ஓராண்டில் அது எந்த அளவுக்கு இறங்குகிறது என்பதே நல்ல அளவுகோல். 0.8 மில்லிகிராமுக்குக் கீழே வந்துவிட்டால் எதிர்காலம் பெரிதும் நம்பிக்கைக்குரியது. 1.0க்கு மேலேயே நின்றுவிட்டால் பின்னாளில் சிறுநீரகம் தளரக்கூடும் என்று எதிர்பார்த்துத் தயாராகிறோம். ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும் நிலையை அடைகின்றனர். இந்த எண்ணைப் பெற்றோரிடம் மறைப்பதில் எமக்கு உடன்பாடில்லை. மற்றவர்கள் இவ்வளவு தூரம் வராமல் பள்ளி முடித்து, வேலைக்குச் சென்று வாழ்கிறார்கள் என்பதும் அதே எண்ணின் மறுபகுதி.

அந்த மற்றவர்களுள் ஒருவராக ஒரு சிறுவன் இருப்பதில் வீட்டாரின் பங்கு பெரியது. வால்வை அகற்றிய பின்னும், பல மாதங்கள் முட்டிமோதி உழைத்த சிறுநீர்ப்பை தடித்தும் விறைத்தும் இருக்கும். அது முழுவதும் காலியாகாவிட்டால் அழுத்தம் மீண்டும் மேலேறும். எனவே விழித்திருக்கும் வேளையில் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கவும், சில நிமிடம் பொறுத்து மறுபடி ஒருமுறை கழிக்கவும் பழக்க வேண்டும். பள்ளியில் "இடைவேளை வரட்டும்" என்று ஆசிரியர் தடுத்தால் சிறுவன் அடக்கிக்கொள்கிறான். மருத்துவரின் கடிதம் ஒன்றை வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். இச்சிறுவர்களில் பலருக்குச் சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றல் குறைவு; குடம் குடமாய்ச் சிறுநீர் கழித்து இரவில் படுக்கையையும் நனைப்பர். அதற்காகத் தண்ணீரைக் குறைப்பதும் அடிப்பதும் கூடாது. தண்ணீர் குறைந்தால் உடல் வறண்டு சிறுநீரகம் மேலும் நலியும். வளர்ச்சி வேகம் பிடிக்கும் பதின்பருவத்தில் மீண்டும் ஓர் இக்கட்டு வருவதால், "எட்டு வயதுவரை ஒன்றுமில்லையே" என்று பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கைக்குழந்தைக்குச் சளியோ இருமலோ இன்றிக் காய்ச்சல் வந்தால், பால் குடிக்க மறுத்து வாந்தி எடுத்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே சிறுநீர்ச் சோதனை செய்யச் சொல்லுங்கள். அடைப்புள்ள சிறுநீரகத்தில் தொற்று ஏற்பட்டால் அது தழும்பை விட்டுச்செல்லும். எல்லாக் குழந்தைகளுக்கும் தினசரி தடுப்பு மருந்து தேவையில்லை. கொடுக்கச் சொன்னவர்கள் இடையில் தாமாக நிறுத்த வேண்டாம்.

வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் "நீர் இறக்கும்" என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. சிறுநீர் சுரப்பதில் இங்கே குறையில்லை, வழிதான் குறுகியிருக்கிறது. குறுகிய வழியில் மேலும் நீரைப் பாய்ச்சுவதால் வலி கூடுமேயன்றி அடைப்பு விலகாது. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வெறும் தண்ணீர்கூடத் தேவையில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். சிறுநீரகச் செயல்திறன் குறைந்த குழந்தைகளுக்கு இப்யூபுரோஃபென், மெஃபனமிக் அமிலம் போன்றவற்றை மருத்துவரைக் கேளாமல் தர வேண்டாம்.

சற்று வளர்ந்த குழந்தைகளிடம் இன்னொன்றைக் காண்கிறோம். விட்டுவிட்டு வரும் விலாவலி, அதோடு வாந்தி. நிறையத் தண்ணீர் குடித்த பின் மிகுதி. சில மணி நேரத்தில் தானே அடங்கிவிடும். வயிற்றுப்பூச்சி, செரிமானக் கோளாறு, பள்ளிக்குப் போக அழுகை என்று எண்ணி ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. வலி நின்ற பின் எடுத்த ஸ்கேனில் வீக்கம் மிகக் குறைவாகத் தெரியலாம், தெரியாமலே போகலாம். வலி இருக்கும்போதே ஸ்கேன் எடுத்தால்தான் உண்மை வெளிப்படும். சிறுநீர்க்குழாயின் குறுக்கே ஓர் இரத்தக்குழாய் சென்று அழுத்துவது இதற்குப் பொதுவான காரணம். அறுவையால் இது நன்கு குணமாகிறது.

ஒரு சிறுநீரகம் முற்றிலும் பயனிழந்த குழந்தைகளைப் பற்றியும் கேட்கப்படுவதுண்டு. மற்றது நலமாயிருந்தால் அது சற்றுப் பெருத்து இருவரின் வேலையையும் ஏற்றுக்கொள்கிறது. ஓடலாம், நீந்தலாம், கபடி ஆடலாம்; பெண் குழந்தைகள் பின்னாளில் தாயாகவும் ஆகலாம். ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைப் பருவத்து ஸ்கேன்கள், ரீனோகிராம் அறிக்கைகள், அறுவைக் குறிப்புகள் அனைத்தையும் ஒரே உறையில் பாதுகாத்து, பதினெட்டு வயதில் பெரியவர்களுக்கான சிறுநீரகப் பிரிவுக்கு மாறும்போது அந்த உறையைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.